படகில் எத்தனை பேர்? கப்பற்பதிவும் கடற்பாதுகாப்பும் பற்றிய வாசகர் கேள்விகள்

கப்பல்களைப் பதிவு செய்யும் சட்டங்களும் கடற்பாதுகாப்பு விதிகளும் திருத்தப்பட வேண்டும் என்று சென்ற இதழில் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். கொழும்புத் துறைமுகத்தை மனதில் வைத்தே அதை எழுதினேன். வந்த கடிதங்களோ பெரும்பாலும் யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்தும் வடமராட்சிக் கரையிலிருந்தும் வந்திருந்தன. கேட்கப்பட்டவையும் நான் எழுதாமல் விட்டவையே. ஒரே பொருளுடைய கடிதங்களைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறேன்.

கேள்வி: காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போய்வந்தேன். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எப்படி அணிவது என்று காட்டினார்கள். இருக்கைகளுக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றவில்லை. ஆனால் பல வருடமாகப் பாடசாலைக்குப் படகில் போய்வரும் எனக்கு, அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. கடல் ஒன்றாக இருக்கச் சட்டம் மட்டும் ஏன் இரண்டாக இருக்கிறது?
ஆசிரியை ஒருவர், நெடுந்தீவு

சட்டம் இரண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. நாகபட்டினக் கப்பலுக்கு ஒரு முழுச் சட்டம் இருக்கிறது. உங்கள் படகுக்கு நாலைந்து சட்டங்களின் ஓரத் துண்டுகள் இருக்கின்றன.

1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் உயிர்காப்புப் படகுகளில், ஏறியிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே இடமிருந்தது. அந்த அதிர்ச்சியில் 1914 இல் உருவானதுதான் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேசச் சமவாயம். கப்பற்காரர் 'சோலாஸ்' என்று சுருக்கிச் சொல்லும் அதன் 1974 ஆம் ஆண்டு வடிவமே, பல திருத்தங்களுடன் இன்று நடைமுறையில் உள்ளது. இதற்குள் ஒரு பயணிகள் கப்பல் வருவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: பயணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கானதாக இருக்க வேண்டும்; பயணிகள் 12 பேருக்கு மேல் இருக்க வேண்டும். 2023 ஒக்டோபர் 14 இல் சேவையைத் தொடங்கிய செரியபாணியும், 2024 ஓகஸ்டில் அதைத் தொடர வந்த சிவகங்கையும் 150 இருக்கைகள் கொண்டவை. ஏறத்தாழ 60 கடல் மைல் தூரத்தில் நாட்டெல்லையையும் கடப்பவை. ஆகவே சோலாஸ் விதிகள் அவற்றுக்கு முழுதாகப் பொருந்தும். நெடுந்தீவுக் கடலில் சோளகம் எவ்வளவு பலமாக வீசினாலும் அது உள்நாட்டுப் பயணம்; சோலாஸ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்நாட்டுப் பயணத்தை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் சர்வதேச ஏற்பாடு. நமது நாடு எப்படிப் பார்த்துக்கொள்கிறது? 1971 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டம் பெருங்கப்பல்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கூலிக்கு ஓடும் படகுகளுக்குப் பிரித்தானியர் காலத்துப் படகுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமோ கப்பற்போக்குவரத்தையும் கடற்பயணத்தையும் மத்திய அரசின் ஒதுக்கிய நிரலில் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத வீதிகளையும் அவற்றின் பாலங்களையும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுச் சேவைகளையும் மாகாண சபை நிரலில் வைத்தது. அப்படியானால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கட்டிநிற்கும் படகு கப்பலா, அல்லது வீதியின் நீட்சியா? கேட்கச் சிரிப்பாக இருக்கும். விபத்து நடந்த மறுநாள் விசாரணையில் முதலாவதாக எழும் கேள்வி இதுதான். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச்சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்களும் இறந்தார்கள். அந்த மிதவைக்கு அனுமதி வழங்கியது யார், அதன் தகுதியைப் பார்த்தது யார் என்ற விவாதம் அதன் பின்னரே மூண்டது.

உலகில் பெருந்தொகையானோர் இறந்த கப்பல் விபத்துகள் பலவும் இப்படியான உள்நாட்டுப் பயணங்களிலேயே நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1987 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் எரிந்து மூழ்கிய டோனா பாஸில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பயணிகள் பட்டியலில் இருந்த பெயர்களோ அதில் பாதிகூட இல்லை. 2014 ஏப்ரலில் தென்கொரியாவில் 304 பேரைப் பலிகொண்ட செவோல், ஜப்பானில் பழையதாக வாங்கப்பட்டு, மேலே அறைகள் கூட்டிக் கட்டப்பட்ட கப்பல். பயணிகள் கப்பலின் வயதெல்லையை 20 இலிருந்து 30 ஆண்டுகளுக்கு நீட்டிய சட்டத்தளர்வு அதற்கு முன்னரே அங்கு நடந்திருந்தது. விபத்தின் பின் அதை 25 ஆகக் குறைத்தார்கள்.

இனி, எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கணக்கிடும் முறை. இருக்கைகளை எண்ணிச் சொல்லும் தொகையன்று அது. கலம் கவிழாமல் நிற்பதற்கான சர்வதேச உறுதிநிலை விதிகளின்படி ஒரு பயணிக்கு 75 கிலோகிராம் என்று எடுப்பார்கள். நிற்பவரின் பாரம் தளத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்திலும், இருப்பவரின் பாரம் இருக்கையிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வார்கள். பின்னர் ஒரு சதுர மீற்றருக்கு நான்கு பேர் வீதம் எல்லோரும் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றால் என்னவாகும் என்று பார்ப்பார்கள். அப்போதும் கலம் 10 பாகைக்கு மேல் சரியக் கூடாது. இந்தச் சோதனையில் தேறும் தொகையே அனுமதிக்கப்பட்ட தொகை.

ஒரே பக்கத்தில் எல்லோரும் நிற்பார்களா என்று ஐயப்படுபவர்கள், நயினை நாகபூசணி அம்மன் திருவிழா நாளொன்றில் இறங்குதுறையில் சற்று நேரம் நின்று பார்க்கட்டும். படகு அணைவதற்குப் பத்து யார் தூரம் இருக்கும்போதே உள்ளே இருந்தவர்கள் எழுந்து துறைப்பக்கம் வந்துவிடுவார்கள். கூரையில் இருந்தவர்கள் சைக்கிளையும் சாக்கையும் இறக்கத் தொடங்குவார்கள். மறுபக்க விளிம்பு ஒரு சாண் மேலெழும். கூரையில் இருக்கும் ஒருவர் அடித்தளத்தில் இருக்கும் ஒருவரை விடப் பாரம் கூடியவரல்லர், ஆனால் அவர் படகின் பாரமையத்தை மேலே இழுப்பவர். அதனால் 'இன்னும் பத்துப்பேர்தானே' என்பது, அந்தப் பத்துப்பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லக்கூடிய சொல்லன்று.

உயிர்காப்பு அங்கி பற்றியும் ஒரு சொல். சோலாஸ் விதிகளில் ஆளுக்கொன்று என்பதோடு, பயணிகள் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் சிறுவருக்கான அங்கிகளும், அதற்குமேல் கைக்குழந்தைகளுக்கானவையும் இருக்க வேண்டும். ஏனெனில் பெரியவரின் அங்கியை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டினால், தண்ணீரில் அங்கி மிதக்கும், பிள்ளை கீழால் வழுகிப் போகும். ஒரு முறை ஓர் இறங்குதுறையில் என் கையில் தரப்பட்ட அங்கியின் நாடாக்களில் ஒன்று அறுந்து, மற்றதோடு சேர்த்து முடிச்சிடப்பட்டிருந்தது. உள்ளிருந்த நுரைப்பஞ்சு வெயில் பட்டுப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கொடுத்தவர் மிகவும் மரியாதையாகத்தான் கொடுத்தார்.

ஆகவே சட்டத்திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இறங்குதுறையில் தொடங்க வேண்டும் என்பேன். பயணிகளை ஏற்றும் எந்தக் கலமும், அதை அரச திணைக்களம் ஓட்டினாலும் பிரதேச சபை ஓட்டினாலும் தனியார் ஓட்டினாலும், ஒரே பதிவேட்டில் பதியப்பட வேண்டும். உறுதிநிலைச் சோதனையில் தேறாமல் பதிவு கிடைக்கக் கூடாது; தேறிய தொகை படகின் வெளிப்பக்கத்தில், கரையில் நிற்பவர் வாசிக்கக்கூடிய அளவில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். கூரையில் ஏறலாமா கூடாதா என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். சோதனை செய்யும் அளவையாளர் ஒருவர் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திராமல் வடக்கிலேயே இருக்க வேண்டும். கலத்தின் மேல் கூரையோ அறையோ புதிதாகக் கட்டினால் பழைய பதிவு அன்றே செல்லாததாகிவிட வேண்டும். செவோல் நமக்குச் சொல்லித்தருவது இதைத்தான். இவற்றில் எதற்கும் சர்வதேசச் சமவாயம் தேவையில்லை.

கேள்வி: நமது கடலில் தீப்பற்றிய கப்பல்களில் எக்ஸ்பிரஸ் பேர்ள் சிங்கப்பூரில் பதியப்பட்ட கொள்கலன் கப்பல், நியூ டயமண்ட் பனாமாவில் பதியப்பட்ட எண்ணெய்க் கப்பல் என்று செய்திகளில் வாசித்தோம். கப்பல் பதிவாகும் நாடு எதற்குப் பொறுப்பு? பாதிக்கப்பட்ட நாட்டுக்கு ஏன் எதுவும் செய்ய முடியாமற் போகிறது?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொக்குவில்

திறந்த கடலில் ஒரு கப்பலின் மேல் அதன் கொடிநாட்டின், அதாவது அது பதியப்பட்ட நாட்டின், சட்டமே செல்லும். 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் 91 ஆம் உறுப்புரையில், கொடிநாட்டுக்கும் கப்பலுக்கும் இடையில் 'மெய்யான தொடர்பு' இருக்க வேண்டும் என்கிறது. 94 ஆம் உறுப்புரை, கப்பலின் கட்டுமானம், ஆளணி, தகுதி ஆகியவற்றை மேற்பார்வை செய்வது அந்நாட்டின் கடமை என்கிறது. (அச்சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டின் முதலாவது தலைவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.) ஆனால் மெய்யான தொடர்பு என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. வரையறுக்க முயன்று 1986 இல் ஆக்கப்பட்ட கப்பற்பதிவு நிபந்தனைகள் பற்றிய சமவாயம், போதிய நாடுகள் சேராததால் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று பதிவேடுகள் உலகக் கப்பற்கொள்ளளவில் பெரும் பங்கைத் தமதாக்கியிருக்கின்றன. லைபீரியாவின் பதிவேட்டை நிர்வகிக்கும் அலுவலகம் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் இருக்கிறது. கடலே இல்லாத மொங்கோலியாவுக்கும் ஒரு கப்பற்பதிவேடு உண்டு. அதன் அலுவலகம் சிங்கப்பூரில்.

இதை வைத்து, வெளிநாட்டாரின் கப்பல்களையும் பதியும் 'திறந்த பதிவேடுகள்' எல்லாம் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். லைபீரியக் கொடியின் கீழ் மிக நன்றாகப் பேணப்படும் கப்பல்கள் ஏராளம். சிக்கல், பதிவுக்கட்டணம் வாங்கும் கையும் பரிசோதிக்கும் கையும் வெவ்வேறாக இருப்பதில்தான். பரிசோதனையைக் கொடிநாடுகள், கப்பல்களின் தரத்தைப் பார்த்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களிடம் ஒப்படைக்கின்றன. அவற்றுக்குச் சம்பளம் தருபவர் கப்பல் உரிமையாளர். நான் கப்பலில் பொறியியலாளனாக இருந்த காலத்தில், சிறு தீவுநாடொன்றின் கொடியுடைய சரக்குக் கப்பலொன்றில் உயிர்காப்புப் படகை இறக்கிப் பழகும் நாள் வந்தது. கொக்கி திறக்கவில்லை. நிறம் பூசிப் பூசி, அதன் அசையும் பாகமும் அசையாப் பாகமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. சுத்தியலால் தட்டி விடுவிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அந்தக் கொக்கி நல்ல நிலையில் உள்ளது என்ற சான்றிதழுக்கு அப்போது வயது மூன்று கிழமை.

எக்ஸ்பிரஸ் பேர்ள் அப்படியான பழங்கலம் அன்று என்பதுதான் யோசிக்க வேண்டிய விடயம். சிங்கப்பூர் நல்ல பெயருள்ள கொடி. கப்பல் ஓடத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கசிந்தது அதில் ஏற்றப்பட்ட கொள்கலனிலிருந்த நைத்திரிக் அமிலம். இறக்கிவிட இடம் கேட்டபோது கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் மறுத்தன. 2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது. ஆபத்திலுள்ள கப்பலுக்குத் தஞ்சம் கொடுப்பது யார் கடமை என்பதில் கட்டாயமான சர்வதேசச் சட்டம் எதுவும் இல்லை. பதிவுச் சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது. நட்டஈட்டு விடயமும் அப்படியே. கப்பல் உரிமையாளரின் பொறுப்பைக் கப்பலின் தொன்னளவுக்கு ஏற்ப மட்டுப்படுத்தும் முறைப்படி, இலண்டன் நீதிமன்றம் 2023 இல் சுமார் 19 மில்லியன் ஸ்ரேர்லிங் பவுணை எல்லையாக வைத்தது. நமது உயர் நீதிமன்றம் 2025 யூலையில் 1 பில்லியன் அமெரிக்க டொலர் செலுத்துமாறு உத்தரவிட்டது. இரண்டு தொகைகளுக்கும் இடையில் உள்ள தூரமே உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில்.

நமது கையில் இருப்பது துறைமுகநாட்டுப் பரிசோதனை. அதற்காக 1998 இல் ஏற்பட்ட இந்துசமுத்திர நாடுகளின் புரிந்துணர்வு உடன்பாட்டில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. எந்தக் கொடியுடன் வந்தாலும் நமது துறைமுகத்தில் ஏறிப் பார்க்கவும், குறை கண்டால் புறப்பட விடாமல் தடுக்கவும் உரிமை உண்டு. உரிமை இருக்கிறது, ஏறிப் பார்க்க ஆட்கள் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் முன்னர் கட்டப்பட்ட அன்னபூரணியைப் போன்ற ஒரு பாய்க்கப்பலை இன்று இங்கே கட்டினால் பதிவுசெய்ய முடியுமா? சோலாஸ் அதற்கு இடம்தருமா?
வாசகர், வல்வெட்டித்துறை

முடியும். யார் கட்டியது, உரிமையாளர் யார், பெயர் என்ன என்பதற்கான பத்திரங்களோடு, கலத்தை அளந்து தொன் கணக்கிட வேண்டும். இந்தத் 'தொன்' நிறையன்று, கொள்ளளவு. பீப்பாய்க் கணக்கிலிருந்து வந்த சொல். 1969 ஆம் ஆண்டுச் சமவாயத்தின்படி, மூடிய இடங்களின் கொள்ளளவு 1000 கனமீற்றர் உள்ள கப்பலின் மொத்தத்தொன் 260 தான். பிரித்தானிய மரபில் இந்த இலக்கங்களைப் பெரிய குறுக்கு விட்டத்தில் செதுக்குவார்கள். கப்பலின் உரிமையை 64 பங்குகளாகப் பிரிப்பார்கள். கூட்டுக்குடும்பமாகக் கப்பல் வைத்திருந்த வல்வெட்டித்துறையாருக்குப் பங்குக்கணக்கு புதிதாக இருந்திராது.

சோலாஸ் பற்றிக் கேட்டீர்கள். அச்சமவாயம் தனக்குக் கட்டுப்படாதவை என்று ஒரு வரிசை தருகிறது: போர்க்கப்பல்கள், 500 தொன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்கள், இயந்திரம் இல்லாதவை, மீன்பிடிக் கலங்கள், களிப்புப் படகுகள், அவற்றோடு 'புராதன முறையில் கட்டப்பட்ட மரக்கப்பல்கள்'. அன்னபூரணி தொன்னளவாலும் பாயாலும் மரத்தாலும் மூன்று முறை இந்த வரிசைக்குள் வந்துவிடும். அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் விலைக்கு வாங்கி 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றிய அந்தப் புராதன மரக்கப்பல், நமது கடலோடிகளின் கையில் அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் மசச்சூசெற்ஸிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சட்டம் எழுதியவர்கள் ஏளனமாக எழுதவில்லை என்று நினைக்கிறேன்; மரக்கலம் கட்டும் மேத்திரிகளின் விதிகள் கண்ணிலும் கையிலும் இருப்பவை, தாளில் இல்லாதவை என்பதால் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். இருந்தும் அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கத்தான் செய்கிறது.

கேள்வி: 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி இந்தியா 2025 இல் புதிய வணிகக் கப்பற்றுறைச் சட்டம் இயற்றியிருக்கிறது. இலங்கை அதைப் பின்பற்றலாமா? கப்பற்பதிவை வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்டால் டொலர் வரும் என்கிறார்களே?
சட்டத்துறை மாணவர், திருநெல்வேலி

ஒரு பாதியைப் பின்பற்றலாம். இந்தியப் பழைய சட்டத்தில் இயந்திரம் இல்லாத கலங்களும் கரையோரம் ஓடும் 15 தொன்னுக்குக் குறைந்தவையும் பதிவிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன; புதிய சட்டம் உந்துவிசையும் பருமனும் பாராமல் எல்லாக் கலங்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. முதலாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்குச் சட்டமொழியில் கிடைக்கும் முன்மாதிரி இதுவே. உரிமையாளர் தகைமையைத் தளர்த்தியதும், ஆளணியின்றி வெறுங்கப்பலாக வாடகைக்கு எடுத்து, தவணை முடிவில் சொந்தமாக்கும் கப்பலையும் பதிய இடமளித்ததும் முதலீட்டுக்கானவை. பெரிய கப்பற்கூட்டமும், பயிற்றப்பட்ட அளவையாளர்களும், சொந்தமாக ஒரு வகைப்பாட்டுச் சங்கமும் உள்ள நாட்டுக்கு அவை பொருந்தும்.

திறந்த பதிவேடு விடயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிநாட்டுக் கப்பலொன்று நமது கொடியைப் பறக்கவிட்டால், பிறேசிலுக்கு அருகே அதன் இயந்திரம் நின்றாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நமது கொடியின் கீழ் உள்ளவற்றைக் கண்காணிக்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதை மீன்பிடியில் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம். ஆழ்கடலில் நமது படகுகளைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2012 இல் எச்சரித்த ஐரோப்பிய ஒன்றியம், 2015 தொடக்கத்திலிருந்து நமது மீனைத் தடைசெய்தது; 2016 நடுப்பகுதியில்தான் தடை நீங்கியது. கொடி என்பது வருமானம் தரும் முத்திரை என்று எண்ணுபவர்கள் அந்த ஒன்றரை ஆண்டில் மீன் ஏற்றுமதியாளர் பட்ட பாட்டை விசாரித்தறிய வேண்டும்.

கேள்வி: எனது 18 அடிப் பிளாஸ்ரிக் வள்ளத்துக்கு ஓ.எவ்.ஆர்.பி என்று தொடங்கும் பதிவிலக்கம் இருக்கிறது. பதிவின்போது எவரும் வள்ளம் கடலுக்கு உகந்ததா என்று பார்க்கவில்லை. பிறகு எதற்கு இந்தப் பதிவு?
கடற்றொழிலாளர், மாதகல்

அந்த இலக்கம் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் தரப்படுவது. எந்த மாவட்டத்தில் யாரிடம் எவ்வகை வள்ளம் இருக்கிறது என்பதையே அது காட்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழை வள்ளம் என்பதற்கு மேல் அந்த எழுத்துகளுக்குப் பொருள் இல்லை. மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்புக்காக 2012 இல் ஏற்பட்ட கேப் டவுன் உடன்பாடுகூட 24 மீற்றருக்குக் குறையாத கலங்களைப் பற்றியதே. ஆகவே உங்கள் வள்ளத்துக்கு அளவையாளர் நீங்கள்தான். இருக்கைப் பலகைக்குக் கீழ் மிதவைநுரை இருக்கிறதா, அதில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டி கடலில் விழ, வள்ளம் தானாகச் சுற்றி வந்து அவரையே வெட்டிய கதைகள் நமது கரைகளில் உண்டு. திருவிழாக் காலத்தில் இந்த வள்ளத்தில் ஆட்களைக் கூலிக்கு ஏற்றலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்; அது மீன்பிடிக்கான பதிவு.

கேள்வி: மகன் கப்பலில் வேலை செய்வதற்கான அடிப்படைப் பயிற்சிகளை முடித்துக் கடலோடிப் புத்தகமும் எடுத்துவிட்டான். ஒரு முகவர் வேலைக்கு ஏழு இலட்சம் ரூபா கேட்கிறார். கப்பல் எந்த நாட்டுடையது என்று கேட்டால் ஏறும்போது தெரியும் என்கிறார். நம்பலாமா?
தாயார் ஒருவர், சாவகச்சேரி

நம்ப வேண்டாம் அம்மா. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை எடுத்துக்கொடுப்பதற்காகக் கடலோடியிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே மகனுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்தை ஒப்பமிடும் முன் வாசித்துப் பார்க்கவும் மற்றவரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் அவனுக்கு உரிமை உண்டு. இரண்டு மாதச் சம்பளம் கொடுபடாமலோ, உணவும் எரிபொருளும் இல்லாமலோ கப்பலில் கைவிடப்பட்டால், நான்கு மாதம் வரையான சம்பளத்தையும் வீடுதிரும்பும் செலவையும் ஈடுசெய்யும் நிதி உத்தரவாதம் கப்பலுக்கு இருக்க வேண்டும். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் கொடிநாடு உண்மையானதாக இருந்தால்தான் பயன்படும். இல்லாத பதிவேடுகளின் பெயரில் போலிச் சான்றிதழ் அடித்து ஓடும் கப்பல்கள் இன்று உண்டு. அவற்றில் கைவிடப்பட்டவருக்கு முறையிட ஒரு நாடும் இல்லை.

முகவரிடம் கப்பலின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. பெயரை ஓர் இரவில் மாற்றலாம். சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தின் ஏழு இலக்க எண்ணைக் கேளுங்கள். 1996 தொடக்கம் பெருங்கப்பல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்த எண், பெயரும் கொடியும் உரிமையாளரும் எத்தனை முறை மாறினாலும் கப்பல் உடைக்கப்படும்வரை மாறாது. அது மனம்போனபடி எழுதிய எண்ணா என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 என்று வரும், கூட்டினால் 139, கடைசி இலக்கம் 9, எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. கணக்குப் பிழைத்தால் அப்படியொரு கப்பல் இல்லை. கணக்குச் சரிவந்தால், அந்த எண்ணை இணையத்தில் இட்டு அதன் பழைய பெயர்களையும் கொடிகளையும் மகனைத் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று கொடி மாறியிருந்தால் அவன் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கட்டும்.